பாணனுக்கு வழி சொன்ன ஊர்

காஞ்சி என்றதும் ஒருவர்க்குக் கோபுரம் நினைவுக்கு வரும். ஒருவர்க்குப் பட்டு நினைவுக்கு வரும். நம்மனையோர்க்கு, 1909இல் அந்நகரில் பிறந்து, 1942இல் அங்கிருந்தே ‘திராவிட நாடு’ ஏட்டைத் தொடங்கிய அறிஞர் அண்ணா நினைவுக்கு வருவார். ஆனால் பத்துப்பாட்டைப் புரட்டிப் பாருங்கள். ஐந்நூறு அடிகளில் காஞ்சியை நோக்கி நடக்கும் நெடும்பாட்டு ஒன்று அதில் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை அது. அப்பாட்டில் காஞ்சிக்குப் போக வழியறியாது நிற்பவன் வணிகன் அல்லன், படைத்தலைவன் அல்லன், வரம் வேண்டி வந்த அடியவனும் அல்லன். அவன் ஒரு பாணன். கையிலே யாழ், பின்னாலே பசித்த சுற்றம்.

பரிசில் பெற்றுத் திரும்பும் மற்றொரு பாணன் அவனுக்கு வழி சொல்கிறான். எந்தக் காட்டில் யார் இருப்பர், எந்தச் சிற்றூரில் என்ன உணவு கிடைக்கும் என்று ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறான். எயினர் குடிசை, ஆயர் பாடி, உழவர் மனை, வலைஞர் குடியிருப்பு, மறையவர் இல்லம் என எல்லா வாயிலும் அவனுக்குத் திறந்தே கிடக்கின்றன. வழியின் முடிவில் கச்சி மாநகரம். அங்கே தொண்டைமான் இளந்திரையன். பாணன் உண்ண, அரசன் தானே நின்று உண்பிக்கிறான், பொற்றாமரை சூட்டுகிறான், தேர் தந்து வழியனுப்புகிறான்.

தொண்டை நாட்டின் இசை மரபுக்கு நாம் காட்டக்கூடிய பழைய ஆவணங்களுள் இது தலையாயது. அது நமக்குத் தரும் அளவுகோல் எளிமையானது. இசை வல்லவன் எந்தத் தெருவிலும் நடக்கலாம்; எவர் வீட்டிலும் உண்ணலாம்; அரசன் முன்னும் தலை நிமிர்ந்திருக்கலாம். இந்த அளவுகோலைக் கொண்டு பிற்காலத்தையும் நம் காலத்தையும் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் அளக்க வேண்டும்? நம் பகுதியின் இசைப் பெருமையைப் பேசும் மேடைகளும் மலர்களும் ஒரே வாய்பாட்டில் நடக்கின்றன. இரண்டு மூன்று பெரிய பெயர்கள், அவர்தம் விருதுகள், அவர்தம் பக்தி, அதன்மேல் ‘தெய்விகக் கலை’ என்றொரு சொல், கைதட்டல். அவர்களுக்குக் கற்பித்தவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை. எந்தக் கருவி இசையாயிற்று, எந்தக் கருவி வெறும் ஓசையாயிற்று, அப்படிப் பிரித்தவர் யார் என்ற கேள்வி எழுவதே இல்லை. பாராட்டு என்பது ஒருவகைக் கணக்கு. வரவில் உள்ள பெயரை எழுதாமல் விட்ட கணக்கு, கணக்காகாது.

பழந்தமிழன் அந்தப் பிரிவினையைச் செய்யவில்லை. நிலத்துக்கு உரிய கருப்பொருள்களை எண்ணிச் சொல்லும் தொல்காப்பியம், பறையையும் யாழையும் ஒரே நூற்பாவில் வைக்கிறது. ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை. ஒவ்வொரு திணைக்கும் ஒரு யாழ். நரம்புக்கு உயர்ந்த திண்ணை, தோலுக்குத் தாழ்ந்த தெரு என்ற ஏற்பாடு அங்கே இல்லை.

அந்த ஏற்பாடு பிற்பாடு வந்தது. எப்படி வந்தது என்பதற்குப் பெரியபுராணமே சான்று கூறும். திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருவாரூரில் கோயிலுக்குள் செல்ல வடதிசையில் வேறொரு வாயில் வகுக்கப்பட்டது என்று சேக்கிழார் பாடுகிறார். பக்தர் அதனை அருள் என்பார். பகுத்தறிவாளன் கேட்பான்: முன்வாயில் திறந்திருந்தால் தனிவாயில் எதற்கு? கச்சியில் அரசன் நின்று ஊட்டிய பாணன், ஆரூரில் வேறு வாயில் தேடும் பாணனாகி விட்டான். இடையில் நிகழ்ந்தது என்ன? சாதி நிகழ்ந்தது.

இன்னொரு கதையும் உண்டு. தேவாரப் பாடல்களின் ஏடுகள் கிடைத்தபின், அவற்றை எந்தப் பண்ணில் பாடுவது என்று தெரியாமல் திகைத்தார்களாம். எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, அவர் வாயிலாகவே பண் வகுத்தார்கள் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. கதையிலுள்ள அசரீரியை ஒதுக்கி வையுங்கள். எஞ்சுவது என்ன? ஏடு கோயிலில் இருந்தது. இசை ஒரு பாணர் குடிப் பெண்ணின் குரலில் இருந்தது. அரசனும் ஆசாரியனும் அவரிடம் போய்க் கற்றார்கள். ஆயினும் அந்த ஆசிரியையின் பெயரை ஊரில் எத்தனை பேர் அறிவர்?

நான் வாழும் உத்திரமேரூருக்கு உலகம் அறிந்த பெருமை ஒன்று உண்டு. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர், குடத்தில் ஓலை, சிறுவன் ஒருவன் கையால் எடுப்பு என்று தேர்தல் முறையை விரிவாகச் சொல்லும் அக்கல்லைக் கண்டு நானும் வியந்திருக்கிறேன். ஆனால் அதே கல், ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கு என்ன வேண்டும் என்றும் சொல்கிறது. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும்; வேதம் அறிந்திருக்க வேண்டும். சோழர் காலச் சபைகளைக் கூட்டப் பறையறைந்து அறிவித்த வழக்கம் கல்வெட்டுகளில் காணப்படுவது. பறை முழங்கினால்தான் சபை கூடும். பறை முழக்கியவன் பெயர் குடத்துக்குள் போகாது! ஊரைக் கூட்டிய கை, ஊருக்கு வெளியே நின்றது. தேர்தலைக் கொண்டாடும் நாம், குடத்துக்குள் போகாத பெயர்களையும் எண்ணிப் பார்த்தால்தான் அந்தக் கொண்டாட்டம் அறிவுடைமையாகும்.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சிபுரம் இசைக்கு ஒரு தலைநகரமாக விளங்கிற்று. அதற்குக் காரணமானவர் நாயினாப் பிள்ளை. 1889இல் பிறந்து 1934இல் மறைந்தவர். தாளக் கணக்கில் சிங்கம். பல்லவியைப் பின்னிப் பின்னிக் கட்டி, பக்கத்தில் உட்கார்ந்த வல்லுநர்களையும் வியர்க்க வைத்தவர். மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனத் தாளக் கருவிகள் வரிசையாகச் சூழ அவர் பாடிய கச்சேரியை, நீதிமன்றத்தை நினைவூட்டும்படி ‘புல் பெஞ்ச்’ கச்சேரி என்றே அந்நாள் இசையன்பர் அழைத்தனர். தியாகராயர் கீர்த்தனைகளில் ஆழங்கால் பட்டவர். ஆயினும் திருப்புகழின் சந்தத்தை மேடைக்குக் கொண்டுவந்தவர்களுள் அவரும் ஒருவர்.

இவ்வளவையும் மலர்கள் எழுதும். எழுதாமல் நழுவ விடுவது, அவர் எங்கிருந்து வந்தார் என்பதை. அவர் தாய் காமாட்சி அம்மாள். தாயின் உடன்பிறந்தவர் தனகோடி அம்மாள். தனகோடி சகோதரிகள் என்று புகழ்பெற்ற பாடகியர் அவ்விருவரும். இசைத்தட்டு இந்நாட்டுக்கு வந்த தொடக்கக் காலத்திலேயே தனகோடி அம்மாளின் குரல் அதில் பதிவாயிற்று. நாயினாப் பிள்ளையின் குரலைக் கேட்க நமக்கு இசைத்தட்டு இல்லை. அவரை ஆளாக்கிய வீட்டின் குரல் இசைத்தட்டில் இருந்திருக்கிறது. எனினும், ‘நாயினாப் பிள்ளை பிறவி மேதை’ என்றுதான் எழுதுகிறார்கள். பிறவி மேதையாம்! காலையும் மாலையும் வீட்டில் இரு பெண்கள் பாடப் பாடக் கேட்டு வளர்ந்த பிள்ளையின் மேதைமைக்குப் பிறவியைக் காரணம் காட்டுவது, ஆசிரியர்களின் உழைப்பை ஆண்டவன் கணக்கில் எழுதுவதாகும். பெண்வழி மரபில் வந்த பிள்ளைகள் தந்தை பெயரைச் சொல்லாமல் தாயின் பெயரைச் சொன்னார்கள் என்பதற்காகவே இச்சமுதாயம் அவர்களை இழித்துரைத்தது. தாயின் பெயரைச் சொல்ல நாணும் சமுதாயமா தாய்மைக்குத் தாலாட்டுப் பாடுவது?

அந்த வீட்டின் இசை அங்கேயே முடிந்துவிடவில்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை நாயினாப் பிள்ளையிடம் கற்றார். அவரிடம் மதுரை சோமு கற்றார். வீணை தனம்மாளின் பேர்த்தியர் பிருந்தாவும் முக்தாவும் சென்னையிலிருந்து காஞ்சிக்கு வந்து நாயினாப் பிள்ளையிடம் பாடம் கேட்டனர். காஞ்சியில் 1919இல் பிறந்த பட்டம்மாள், நாயினாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு அவரையே தம் உள்ளத்துக்கு ஆசானாகக் கொண்டார். பார்ப்பனப் பெண்கள் பொதுமேடையில் பாடலாகாது என்றிருந்த கட்டை உடைத்து மேடை ஏறியவர் பட்டம்மாள்; ஆண்களின் களம் என்று வேலியிடப்பட்டிருந்த பல்லவியைப் பாடியவர்; 1947 ஆகஸ்ட் 15 அன்று வானொலியில் பாரதியார் பாடல்களைப் பாடியவர். 2009இல் மறையும் வரை அவர் பெயர் மங்கவில்லை. வைதிகத்தின் வேலியைத் தாண்டிய பெண் என்ற வகையில் அவரை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஒரு குலத்துப் பெண் மேடை ஏறியது புரட்சி என்று போற்றப்பட்ட அதே காலத்தில், தலைமுறை தலைமுறையாக மேடையில் இருந்த மற்றொரு குலத்துப் பெண்கள் மேடையை விட்டு இறங்கிக் கொண்டிருந்தார்கள்.

ஏன் இறங்கினார்கள்? இங்கே நாம் நேர்மையாகப் பேச வேண்டும். ஏனெனில் இது நம் இயக்கத்தைத் தொடுகிற செய்தி. பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் கொடுமையை ஒழிக்கப் போராடியவர்கள் நாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போராடினார். அதே கொடுமையின் உள்ளிருந்து எழுந்த அம்மையார் 1936இல் எழுதிய ‘தாசிகள் மோசவலை’ அந்தப் போருக்கு ஒரு படைக்கலம். 1947இல் சட்டம் வந்தது. வந்தது நன்று, இன்றும் அதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் களையைப் பிடுங்கிய வயலில் விளைந்த பயிரை அறுத்துச் சென்றவர் யார்? பொட்டு ஒழிந்தது, உடன் பாட்டும் அவர்கள் கையை விட்டுப் போக வேண்டும் என்று எந்தச் சீர்திருத்தக்காரரும் கேட்கவில்லை. ‘குடும்பப் பெண்’ என்ற சொல்லைக் காட்டி மேடையைக் கைமாற்றியது சீர்திருத்தம் அன்று. சீர்திருத்தத்தின் மேல் நடந்த சூழ்ச்சி. இழிவை நீக்குவது ஒன்று. இழிவோடு சேர்த்து உழைப்பின் உரிமையையும் நீக்குவது வேறொன்று. முன்னதைச் செய்து முடித்தோம் என்று நெஞ்சு நிமிர்த்தும் நாம், பின்னதைத் தடுத்தோமா என்று கேட்டுக் கொள்வது குற்றமாகாது.

தமிழிசை இயக்கமும் நம் மண்ணின் வெற்றி. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப்பாட்டுக்கு இடம் கேட்பதே ஒரு கிளர்ச்சியாக வேண்டியிருந்த காலம் அது. அண்ணாமலை அரசர் துணை நின்றார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. தமிழில் பாடினால் மட்டும் போதாது, பாட்டின் பொருளும் அறிவுக்கு ஒத்ததாக இருக்க வேண்டும் என்று தந்தை பெரியார் வலியுறுத்தினார். மொழியைக் கேட்டோம், பொருளைக் கேட்டோம். மூன்றாவது கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது: பாடுவோர் யார்? எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள்? எந்தக் கருவியோடு வருகிறார்கள்?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்பித்தவன் என் மாணவன். ஏழாம் வகுப்பில் ஒருநாள், ‘உங்களில் இசை தெரிந்தவர் யார்?’ என்று கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை. சில வாரங்கள் கழித்து, பக்கத்து ஊர்த் திருவிழாவில், அதே வகுப்பின் கடைசி வரிசைச் சிறுவன் தன் தந்தையின் குழுவில் பம்பை அடித்துக் கொண்டிருக்கக் கண்டேன். குச்சி தோலில் விழும் இடம் ஒவ்வொன்றும் அளந்து வைத்தாற்போல் இருந்தது. வேகம் கூடியது, காலம் பிசகவில்லை. மறுநாள் அவனை அழைத்து, ‘அன்று ஏனப்பா கை தூக்கவில்லை?’ என்றேன். ‘நீங்க பாட்டுன்னுதானே சார் கேட்டீங்க, இது மேளம்தானே?’ என்றான்.

தவறு அவனுடையது அன்று. ‘இசை’ என்ற சொல்லுக்கு நான் உள்ளத்தில் வைத்திருந்த படத்தில் அவன் இல்லை என்பதை அவன் எப்படியோ அறிந்திருந்தான். ஆயிரம் ஆண்டுச் சாதி அவனுக்கு அதைச் சொல்லியிருந்தது. பகுத்தறிவு பேசும் அவன் ஆசிரியனும் மறுத்துச் சொல்லவில்லை.

இதே காஞ்சி மண்ணில் அதை மறுத்துச் செய்து காட்டியவர்கள் உண்டு. பெ. இராசகோபால் கூத்துக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர். அவர் முயற்சியில் 1990இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துக் கலைஞர்களுக்கென ஒரு சங்கம் அமைந்தது. 2002இல் புஞ்சரசந்தாங்கல் சிற்றூரில், நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வாளர் ஹன்னே டி புருயின் அம்மையாரோடு சேர்ந்து, கூத்தும் பள்ளிப் படிப்பும் ஒருங்கே தரும் குருகுலம் ஒன்றை நடத்தினார். கூத்துக்காகப் படிப்பை இழந்த ஒருவர், படிப்புக்காகக் கூத்தையும் கூத்துக்காகப் படிப்பையும் எந்தக் குழந்தையும் இழக்க வேண்டாம் என்று கட்டிய பள்ளி அது. ஆண்களே பெண்வேடமும் கட்டி வந்த கூத்தில் சிறுமியர் வேடம் கட்டினர், பாடினர், விடிய விடிய ஆடினர். அந்தக் குருகுலம் 2020 வரை நடந்தது.

‘கூத்தின் கதை பாரதக் கதைதானே, புராணக் குப்பைதானே, அதைப் பகுத்தறிவாளன் போற்றலாமா?’ என்று ஒரு தோழர் கேட்கக் கூடும். கேட்கட்டும். கதையின் மூடத்தனத்தை நாம் மறுக்கிறோம், மறுப்போம். ஆனால் ஒலிபெருக்கி இல்லாக் காலத்தில் வயல்வெளி முழுதும் கேட்கப் பாடிய தொண்டை புராணம் அன்று, அது உழைப்பு. முகவீணையில் மூச்சை அடக்கி ஊதும் கலை வேதம் அன்று, அது பயிற்சி. கருவியும் குரலும் கைவந்தவனிடம் புதிய கதையைக் கொடுப்பது நம் எழுத்தாளரின் கடமை. பழைய கதையைப் பாடினான் என்பதற்காகப் பாட்டாளியையே ஒதுக்கினால், கீர்த்தனை பாடும் மேடையை மட்டும் ‘கலை’ என்று எப்படி ஒப்புக் கொள்கிறோம்? அங்கே பாடப்படுவது மட்டும் பொருளாதாரமா?

காலம் சற்றே திரும்பத்தான் செய்கிறது. பறையிசை ஆசான் வேலு அவர்களுக்கும், பாலாற்றுக்குத் தெற்கே நமக்கு அண்டையிலுள்ள புரிசைக் கூத்து மரபின் கண்ணப்ப சம்பந்தன் அவர்களுக்கும் 2025இல் ஒன்றிய அரசு பத்மசிறீ விருது அறிவித்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசையோடு நாதசுரமும் தவிலும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. சாதி கேட்டுக் கதவடைக்கும் குருகுலம் அன்று அது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி. இவை நல்லவை. ஆனால் விருது ஒருவர்க்குப் பெருமை. ஆசிரியர் ஊருக்கே பெருமை. 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றைக் கற்பிக்க 16,549 பேர் பகுதிநேர ஆசிரியராக அமர்த்தப்பட்டனர். தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் ஊதியம். கணக்கு முழுநேரம், கலை பகுதிநேரம் என்று நாமே பிரித்து வைத்துவிட்டு, மரபு அழிகிறதே என்று மலர் வெளியிடுவதில் பொருள் என்ன?

எனவே தோழர்களுக்குச் சில சொற்கள். பிறரைக் கேட்குமுன் நம்மைக் கேட்போம். நம் கூட்டங்களுக்குத் தலைவர் வரும்போது பறை முழங்குகிறது. துண்டறிக்கையில் பேச்சாளர் பெயர் பதினைந்து இருக்கும். பறை முழக்குவோர் பெயர் ஒன்றாவது இருக்குமா? தலைவருக்குப் பந்தலில் நாற்காலி; கலைஞர்க்கு வெயிலில் சாலையோரம். சொற்பொழிவாளர்க்கு இலை போட்ட பிறகு, அவர்களுக்குப் பொட்டலம். இதை ஒரு வைதிகன் செய்தால் கொதிக்கிறோம். நம் பந்தலில் நடந்தால் ‘ஏற்பாட்டுக் குறை’ என்கிறோம். இளந்திரையன் மன்னன், அவன் நின்று ஊட்டினான். நாம் மன்னராட்சியை வெறுப்பவர்கள்; உட்கார வைத்து உடன் உண்ணவாவது வேண்டாமா? அவர்கள் பெயரை அழைப்பிதழில் அச்சிடுங்கள். பேசிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சாவுக்கும் வரவேற்புக்கும் மட்டும் அழைக்காமல், அரைமணி நேரம் மேடையைக் கொடுத்து, அமர்ந்து கேளுங்கள்.

அடுத்தது, உங்கள் ஊரின் இசை வரலாற்றை எழுதுங்கள். கையில் ஒலிப்பதிவுக் கருவி இல்லாத இளைஞன் இன்று இல்லை. பம்பைக்காரர், நாதசுரக்காரர், கூத்து வாத்தியார், ஒப்பாரி பாடும் மூதாட்டி ஆகியோரிடம் உட்கார்ந்து, யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டுப் பதியுங்கள். தாயிடம் கற்றேன் என்றால் தாயின் பெயரை எழுதுங்கள். இசைவு பெற்று எழுதுங்கள். எழுதியதை அவர்களுக்கே முதலில் படித்துக் காட்டுங்கள். தனகோடி அம்மாளின் பெயரை நாயினாப் பிள்ளைக்கு முன்னே எழுதும் ஒரு மலர் காஞ்சியில் வெளிவரும் நாள், நம் இயக்கத்தின் வெற்றி நாட்களுள் ஒன்று.

என் வகுப்பில் ஒரு சிறு மாற்றம் செய்தேன். பெரிதாகச் சொல்லிக் கொள்ள ஏதுமில்லை. ‘இசை தெரிந்தவர் யார்?’ என்று கேட்பதை விட்டு, ‘வீட்டில் என்ன கருவி இருக்கிறது, யார் வாசிப்பார்?’ என்று கேட்டேன். நாற்பது பேரில் ஆறு கைகள் உயர்ந்தன. அந்தச் சிறுவன் முதலில் இருபுறமும் பார்த்தான், பிறகு உயர்த்தினான். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் பம்பையோடு வந்தான். கருப்பொருள் பாடம் நடத்த வேண்டிய நாள் அது. பறையும் யாழும் ஒரே நூற்பாவில் வரும் இடத்தை அவன் அடித்துக் காட்டி முடித்த பிறகே நடத்தினேன்.

கச்சிக்கு வழியறியாது நின்ற பாணன் இன்றும் நிற்கிறான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். வழி சொல்ல வேண்டியவர்கள் நாம்.